பவர் ஃபிளாக்கை எங்கே வைப்பது? கீகேட் ஈ.ஆர்.சி. பிழைகளைப் படிக்கும் விதம்

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக, சர்க்யூட் வரையும் மென்பொருளான கீகேட்டில் ஒரு போர்டு வரைந்திருக்கிறேன். 9 வோல்ட் டி.சி. ஜாக், அதை 5 வோல்ட்டாக்க 7805 ரெகுலேட்டர், அட்மெகா 328 மைக்ரோகன்ட்ரோலர், கணினியோடு பேச டைப்-சி யூ.எஸ்.பி. சாக்கெட்டும் சி.எச்.340 ஐசியும், நானே சிம்பல் வரைந்த ஒரு சென்சார். ஈ.ஆர்.சி. (படத்தின் மின் இணைப்பு விதிகளைச் சரிபார்க்கும் சோதனை) ஓட்டினால் ஒரு டஜன் பிழை. பாதி, பவர் இன்புட் பின்னுக்கு மின்சாரம் கொடுப்பவர் யாருமில்லை என்கிறது. ஆனால் +5 வி சிம்பலும் ஜாக்கும் இருக்கின்றனவே! எல்லா இடத்திலும் பவர் ஃபிளாக் (இங்கே மின்சாரம் வருகிறது என்று ஈ.ஆர்.சி.க்குச் சொல்லும் குறி) போட்டுவிடு, மீதியை இக்னோர் செய்துவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் படத்தில் ஒரு நிஜமான தவறு இருக்கிறது. அதைப் பற்றி ஈ.ஆர்.சி. ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஈ.ஆர்.சி.க்கு சர்க்யூட் தெரியாது. ஒவ்வொரு பின்னுக்கும் சிம்பல் வரைந்தவர் கொடுத்த வகையை மட்டும் படிக்கும்: இன்புட், அவுட்புட், பாஸிவ், பவர் இன்புட், பவர் அவுட்புட், ஓப்பன் கலெக்டர் என்று. ஒரு நெட்டில் (ஒன்றாக இணைந்த பின்களின் தொகுப்பில்) பவர் இன்புட் இருந்தால், அதே நெட்டில் பவர் அவுட்புட் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஜாக்கின் பின்கள் நூலகத்தில் பாஸிவ். அதில் அடாப்டரைச் செருகுவீர்களா, மோட்டாரை மாட்டுவீர்களா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? +5 வி, கிரவுண்டு சிம்பல்களும் மின்சாரம் தருபவை அல்ல. அவற்றுக்குள் இருப்பதும் ஒரு பவர் இன்புட் பின்தான். நெட்டுக்குப் பெயர் வைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது.

சாதாரண இன்புட் பின்னில் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் மட்டும் இருந்தால் அதற்கு ஏன் பிழை வருவதில்லை என்று கேட்பீர்கள். சாதாரண இன்புட்டுக்கு ஒரு பாஸிவ் பின் இருந்தாலே போதும் என்று கீகேட் விட்டுவிடுகிறது. பவர் இன்புட்டுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

ஆக, உங்களுக்கு மூன்று ஃபிளாக் போதும். ஒன்று ஜாக்கின் பாசிட்டிவில், ஒன்று கிரவுண்டில். மூன்றாவது, அட்மெகாவின் அனலாக் பகுதிக்கு மின்சாரம் வாங்கும் ஏ.வி.சி.சி. பின்னுக்கு: 5 வோல்ட்டிலிருந்து 10 மைக்ரோஹென்றி இண்டக்டர் வழியாகக் கொடுத்திருக்கிறீர்கள், இண்டக்டருக்கு அந்தப் பக்கம் வேறு நெட். ஃபெரைட் பீடு, ஃபியூஸ், டயோடு எதைத் தாண்டினாலும் இதே கதைதான். 5 வோல்ட் நெட்டில் ஃபிளாக் போடாதீர்கள். 7805-இன் அவுட்புட் ஏற்கெனவே பவர் அவுட்புட். ஃபிளாக்கும் அதே வகை என்பதால் இரண்டும் மோதுகின்றன என்று புதுப் பிழை வரும்.

ஃபிளாக் வைக்கும் இடமும் முக்கியம். பலர் ஐசியின் பின்னை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் படத்தை நகர்த்தும்போது ஜாக்கிலிருந்து வரும் ஒயர் அறுந்துபோனால், ஐசி பக்கம் ஃபிளாக் இருப்பதால் ஈ.ஆர்.சி. அந்தப் பவர் பின்னைப் பற்றி வாய் திறக்காது. ஜாக்கை ஒட்டி வைத்திருந்தால், அறுந்த அடுத்த ஓட்டத்திலேயே பிழை வந்துவிடும்.

இனி அந்த நிஜத் தவறு. டைப்-சி சாக்கெட்டின் வி-பஸ்ஸை (கணினியின் 5 வோல்ட் வரும் பின்னை) நேராக +5 வி நெட்டில் சேர்த்திருக்கிறீர்கள். அடாப்டரும் யூ.எஸ்.பி. கேபிளும் ஒரே நேரத்தில் மாட்டினால் 7805-உம் உங்கள் கணினியும் ஒரே கம்பியில் மல்லுக்கட்டும். வி-பஸ் நூலகத்தில் பாஸிவ் என்பதால் ஈ.ஆர்.சி. இதைக் கண்டுகொள்ளவில்லை. சாக்கெட் சிம்பலை உங்கள் சொந்த நூலகத்துக்கு நகல் எடுத்து, வி-பஸ்ஸைப் பவர் அவுட்புட் ஆக்குங்கள். நான்கு வி-பஸ் பின்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கண்ணில் படும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மறைந்திருக்கும் மூன்றும் பாஸிவாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் சில பதிப்புகளில் அவை தமக்குள்ளேயே மோதக்கூடும். இப்போது ஓட்டினால் பிழை வரும். வர வேண்டும். தீர்வு, வி-பஸ்ஸுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு ஷாட்கி டயோடு. சிறிது வோல்ட்டேஜ் குறையும். அது கூடாதென்றால், ஆர்டுயினோ ஊனோவில் இருப்பதுபோல, ஜாக்கில் மின்சாரம் வந்ததும் யூ.எஸ்.பி. வழியைத் துண்டிக்கும் பி-சேனல் மாஸ்ஃபெட் வைக்கலாம்.

அடுத்து உங்கள் சென்சார். எல்லாப் பின்னையும் 'அன்ஸ்பெசிஃபைடு' என்றே விட்டிருக்கிறீர்கள். அந்த வகை கிட்டத்தட்ட எதோடு சேர்ந்தாலும் எச்சரிக்கை வரும். உங்கள் பட்டியலின் மறுபாதி இதுதான். சிம்பல் எடிட்டரில் பின் டேபிளைத் திறந்தால் எக்ஸெல் ஷீட் மாதிரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்றலாம். ஐ2சி பஸ்ஸின் டேட்டா பின்னான எஸ்.டி.ஏ. பைடைரக்‌ஷனல், கிளாக் பின்னான எஸ்.சி.எல். இன்புட். இன்டரப்ட் பின்னுக்கு டேட்டாஷீட்டைப் பாருங்கள்: ஓப்பன் டிரெய்ன் என்று போட்டிருந்தால் ஓப்பன் கலெக்டர், இல்லையென்றால் அவுட்புட். என்.சி. (நோ கனெக்ட்) என்று போட்ட பின்களில் இரண்டு ரகம் உண்டு. உள்ளே எதோடும் இணைப்பில்லை என்றால் 'ஃப்ரீ'. அதில் ஒயர் போனாலும் பரவாயில்லை. எதையும் இணைக்கக் கூடாது என்று டேட்டாஷீட் சொன்னால் 'அன்கனெக்டட்'. அதைத் தொட்டாலே பிழை.

நூலகத்தில் மாற்றினால் மட்டும் போதாது. பதிப்பு 6 முதல் சிம்பலின் நகல் ஸ்கிமேட்டிக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. 'நூலகத்திலிருந்து சிம்பல்களைப் புதுப்பி' என்பதை ஓட்டினால்தான் படத்துக்கு மாற்றம் வரும்.

நண்பர் சொன்ன இக்னோர் பற்றி: ஸ்கிமேட்டிக் செட்டப்பில் பின் வகைகள் மோதும் கட்டம் ஒன்று உண்டு. பவர் அவுட்புட்டும் பவர் அவுட்புட்டும் சந்திக்கும் கட்டத்தைப் பச்சையாக்கினால் பட்டியல் சுத்தமாகிவிடும், மேலே பார்த்த யூ.எஸ்.பி. தவறும் கூடவே மறைந்துவிடும். கட்டத்தைத் தொடாதீர்கள். காரணம் தெரிந்த பிழையை மட்டும் ரைட் கிளிக் செய்து தனியாக விலக்குங்கள். கிரிட்டிலிருந்து விலகிய பின், பெரிய எழுத்து சின்ன எழுத்தில் மட்டும் வேறுபடும் லேபிள் ஆகிய எச்சரிக்கைகளை ஒதுக்கவே வேண்டாம். இணைந்ததுபோல் தெரியும், இணைந்திருக்காது.

இவ்வளவு செய்த பிறகும் ஒன்று தப்பும். சி.எச்.340-இன் டி.எக்ஸ். (டேட்டா அனுப்பும் பின்) அவுட்புட் வகை, ஆனால் அட்மெகாவில் டேட்டா வாங்கும் பி.டி.0, அனுப்பும் பி.டி.1 இரண்டும் பைடைரக்‌ஷனல். டி.எக்ஸை டி.எக்ஸோடு கட்டினாலும் ஈ.ஆர்.சி. கேட்காது. இதற்கும் பதிப்பு 6 முதல் வழி இருக்கிறது. சிம்பலில் பி.டி.1 பின்னுக்கு மாற்று வரையறையாக டி.எக்ஸ். என்ற பெயரும் அவுட்புட் வகையும் கொடுத்து, படத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். பி.டி.0-க்கு ஆர்.எக்ஸ்., இன்புட். ஒயர் மாறியிருந்தால் இரண்டு அவுட்புட் மோதுவதாகப் பிழை வரும். புல்-அப் ரெசிஸ்டர் (லைனை சப்ளை பக்கம் இழுத்து வைப்பது) விட்டுப்போனதை மட்டும் எந்த வகை மாற்றமும் காட்டிக்கொடுக்காது; எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். இரண்டிலும் 4.7 கிலோஓம் இருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். அனுப்பிய படத்தில் எஸ்.சி.எல்.-இல் இல்லை.