பத்திரத்தில் ‘122’ தேதியா?

கேள்வி: தாத்தா வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தில் ‘விஜய ௵ தை ௴ 12 ௳’ என்று இருக்கிறது. “122ன்னு ஒரு தேதியே கிடையாது. அடுத்த பக்கத்துல ‘20ந் தேதி’ன்னு வேற தப்பு. பிழைத்திருத்தல் பத்திரம் போடாம விற்க முடியாது” என்று புரோக்கர் பதினெட்டாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா? – குடியாத்தம் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். பத்திரத்தில் பிழையே இல்லை.

12க்குப் பக்கத்தில் ‘உ’ மாதிரி வால் நீட்டிக்கொண்டு இருப்பது எண் இல்லை. ‘தேதி’ என்பதற்கான குறி. ‘மீ’ போல இருப்பது மாதம், ‘வரு’ சேர்ந்தாற்போல இருப்பது வருடம். தமிழ் எண்ணில் 2 என்பதும் ‘உ’ வடிவம்தான், அதனால் வந்த குழப்பம். விஜய வருடம், தை மாதம், 12ஆம் தேதி, அவ்வளவுதான். இந்தக் குறிகள் யூனிகோடில் இருக்கின்றன. ஆனாலும் நம் அலுவலகக் கணினியில் அடித்தால் பாதி நேரம் கட்டம்தான் வருகிறது. தட்டச்சு செய்பவருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை.

‘20ந் தேதி’யும் சரி. ஆம் + தேதி, தகரத்துக்கு முன் மகரம் நகரமாகி ‘ஆந்தேதி’. அதன் சுருக்கம் அது. அந்தக் காலத்துப் பத்திர எழுத்தருக்குப் புணர்ச்சி தெரிந்திருந்தது, உங்கள் புரோக்கருக்குத் தெரியவில்லை.

இங்கிலீஷ் தேதி வேண்டுமென்றால்: விஜய வருடம் 1953 சித்திரையில் பிறந்தது. அதன் தை 1954 ஜனவரியில்தான் வரும். இதை 1953 என்று எழுதி வில்லங்கம் தேடி, “பதிவே இல்லை” என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தை 12 ஜனவரி 24, 25 வாக்கில் விழும். பத்திரத்தின் பின்பக்கம் சார்பதிவாளர் குறிப்பில் தாக்கல் செய்த தேதி இருக்கும், பாருங்கள். எழுதிய நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோகலாம் என்பதால் இரண்டு தேதியும் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம். கிஸ்தி (நிலவரி) ரசீதில் பசலி, அதாவது வருவாய்க் கணக்கு வருடம், 1363 என்று இருந்தால் 590 கூட்டுங்கள்: 1953 ஜூலை முதல் 1954 ஜூன் வரை. உங்கள் தை அதற்குள் அடங்குகிறது.

ஒன்று மட்டும் கவனம். நம் பக்கம், பேரணாம்பட்டு, காட்பாடி வட்டாரத்தில், தெலுங்கில் எழுதிய பழைய பத்திரங்களும் கிடைக்கும். வருடப் பெயர் அதேதான். ஆனால் அவர்களுக்கு வருடம் யுகாதியில் பிறக்கும், மாதம் சந்திரனைப் பார்த்துப் போகும். யுகாதிக்கும் அதற்குப் பின் வரும் சித்திரை ஒன்றுக்கும் நடுவில் இடைவெளி உண்டு, சில வருடம் சில நாள், சில வருடம் சில வாரம். அந்த நாட்களில் தமிழ்ப் பத்திரத்தில் விஜய என்றால் தெலுங்குப் பத்திரத்தில் அடுத்த வருடமான ஜய. இரண்டையும் பக்கத்தில் வைத்து “ஒன்று போலி” என்று பேரத்தைக் கெடுத்தவர் உண்டு. ‘சுத்த’ (வளர்பிறை), ‘பகுள’ (தேய்பிறை) என்ற சொல் கண்ணில் பட்டால் தமிழ்க் கணக்கை மூடி வைத்துவிட்டு அந்த வருடத்துத் தெலுங்குப் பஞ்சாங்கத்தைத் தேடுங்கள்.

பிழைத்திருத்தல் என்றால் எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் வாரிசுகள். எழுபது வருடத்துக்கு முன் விற்றவரின் பேரப்பிள்ளைகளை எங்கே தேடுவீர்கள்? “அதையும் நானே பார்த்துக்கறேன்” என்பார் புரோக்கர், அதற்குத் தனியாகப் பணம். ஒரு நகல் எடுத்து, குறிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் வருடம், மாதம், தேதி என்று எழுதி வாங்குபவரின் வக்கீலிடம் நீங்களே கொடுங்கள். மூலப் பத்திரத்தை மட்டும் அந்தப் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள்.