வாசகர் கேள்வி – பதில்: சிறிய நாட்டில் பொது உடன்பாடு

கேள்வி: மக்கள்தொகை குறைவாக உள்ள நாட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அங்கே தேசிய அளவில் கருத்தொருமிப்பை உருவாக்குவது எளிதுதானே?

பதில்: கூட்டத்தைக் கூட்டுவது எளிது, கூடியவர்கள் எடுத்த முடிவை நிறைவேற்றுவது எளிதன்று. ஐஸ்லாந்தின் பெரிய வங்கிகள் 2008-இல் அடுத்தடுத்துச் சரிந்தபோது, புதிய அரசமைப்புச் சட்டம் வேண்டும் என்ற குரல் அங்கே எழுந்தது. 2010-இல் குலுக்கல் முறையில் அழைக்கப்பட்ட ஏறத்தாழ 950 குடிமக்கள் ஒரே நாளில் கூடி, தங்கள் நாடு எந்த விழுமியங்களின் மேல் நிற்க வேண்டும் என்று விவாதித்தார்கள். அதன் பிறகு 25 பேர் கொண்ட குழு பொதுமக்களின் கருத்துகளை இணையத்தில் திரட்டி, 2011-இல் வரைவு ஒன்றை ஆக்கித் தந்தது. 2012 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் அந்த வரைவையே அடிப்படையாகக் கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அந்நாட்டில் அரசமைப்பைத் திருத்த வேண்டுமானால் ஒரு நாடாளுமன்றம் ஏற்க வேண்டும். இடையில் தேர்தல் நடந்து, அடுத்த நாடாளுமன்றமும் ஏற்க வேண்டும். வரைவுப் பணியிலிருந்து அரசியல் கட்சிகள் விலக்கி வைக்கப்பட்டிருந்ததால், அதைத் தங்கள் பிள்ளையாகக் கருத நாடாளுமன்றத்தில் போதிய ஆளில்லை. 2013-இல் அவை கலைந்தபோது வரைவும் அப்படியே நின்றுபோனது.

சிறிய நாட்டுக்கே உரிய இன்னொரு சங்கடமும் உண்டு. விமர்சிப்பவரும் விமர்சிக்கப்படுபவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாக, சில வேளை ஒரே குடும்பத்தவராக இருப்பார்கள். ஆகவே முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது உறவையே முறிக்கும் செயலாகிவிடுகிறது. அந்த மௌனத்தைக் கருத்தொருமிப்பு என்று எண்ணி ஏமாறும் அரசுகள் பல.

கேள்வி: கட்சிகள் முட்டிக்கொண்டு நிற்கும்போது, குடிமைச் சமூக அமைப்புகள் தலையிட்டு நாட்டைக் காப்பாற்றியதற்கு எடுத்துக்காட்டு உண்டா? அவர்களுக்கு அந்தச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவில் 2011 ஜனவரியில் அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடிய பின், புதிய அரசமைப்பை வகுக்கும் அவைக்குத் தேர்தல் நடந்து, இஸ்லாமியக் கட்சியான என்னஹ்தா முதலிடம் பெற்றது. 2013 பிப்ரவரியில் இடதுசாரித் தலைவர் சோக்ரி பெலாயித்தும், ஜூலையில் அவை உறுப்பினர் முகமது பிராமியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எதிர்க்கட்சியினர் அவையை விட்டு வெளியேற, வரைவுப் பணி நின்றது. அண்டை நாடுகளில் நிகழ்ந்ததைப் பார்த்தவர்கள் உள்நாட்டுப் போர் வந்துவிடுமோ என்று அஞ்சினார்கள்.

அப்போது முன்வந்தவை நான்கு அமைப்புகள்: 1946-இல் தொடங்கப்பட்ட பொதுத் தொழிலாளர் சங்கம், முதலாளிகளின் கூட்டமைப்பு, மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் மன்றம். இவற்றுள் முதல் இரண்டும் ஊதியப் பேச்சில் எதிரெதிரே அமர்ந்து பழகியவை. அவை கைகோத்து நின்றபோது, இது ஒரு தரப்பின் சூழ்ச்சி என்று எவராலும் தள்ளிவிட முடியவில்லை. தொழிலாளர் சங்கத்துக்குப் பல லட்சம் உறுப்பினர்களும், ஒவ்வொரு மாவட்டத்திலும் கிளைகளும் இருந்தன. பொது வேலைநிறுத்தம் அறிவித்தால் நாடே நின்றுவிடும் என்பது ஆள்வோருக்குத் தெரியும். வெறும் நல்லெண்ணத்தோடு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவர்களை அப்படி அனுப்ப முடியாது.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. பேச்சுவார்த்தையில் அமர விரும்பும் கட்சி முதலில் தாங்கள் வகுத்த செயல்திட்டத்தில் கையெழுத்திட வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைத்தார்கள். அரசு விலகிக் கட்சி சாராத அமைச்சரவைக்கு இடம் கொடுப்பது, அரசமைப்பை முடிப்பது, தேர்தல் ஆணையத்தை அமைத்துத் தேர்தலை நடத்துவது ஆகியவையே அதன் சாரம். எதைச் செய்வது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பிறகு, எப்படிச் செய்வது என்பதைப் பற்றி மட்டுமே சண்டையிட வேண்டியிருந்தது. 2014 ஜனவரி 26-இல், வாக்களித்த 216 உறுப்பினர்களில் 200 பேர் ஆதரிக்க, அரசமைப்பு நிறைவேறியது. நால்வர் அணிக்கு 2015-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

கேள்வி: ஆனால் அதே துனிசியாவில் 2021-இல் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கிவிட்டாரே! அப்படியானால் அந்த உடன்பாட்டால் பயன் என்ன?

பதில்: உள்நாட்டுப் போர் வராமல் போனது சிறிய பயன் அன்று. ஆயினும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரசியல் அதிகாரத்தை யார் எப்படிப் பகிர்வது என்பதில் உடன்பட்டவர்கள், வேலையின்மையை என்ன செய்வது என்பதில் உடன்படவே இல்லை. 2014-க்குப் பின் பகைக் கட்சிகள் கூட்டாக ஆண்டபோது, கூட்டணி உடையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே கடினமான முடிவுகள் தள்ளிப்போடப்பட்டன. தேர்தலுக்குப் பின் ஓராண்டுக்குள் அமைக்கப்பட வேண்டிய அரசமைப்பு நீதிமன்றம், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் கட்சிகள் இணங்காததால் கடைசி வரை அமையவில்லை. ஆகவே அதிபர் அவையை முடக்கியபோது, அது செல்லுமா என்று தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை. 2022-இல் அவர் கொண்டுவந்த புதிய அரசமைப்புக்கான வாக்கெடுப்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே வாக்களித்தார்கள். அதைத் தடுத்து நிறுத்தும் வலிமை பழைய நால்வருக்கும் அப்போது இருக்கவில்லை. எல்லாரையும் கூட்டிவைத்து ஆள்வதை நிரந்தர முறையாக்கினால் எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லாமல் போய்விடும் என்பதும், அதிருப்தி கொண்ட மக்கள் அவை முழுவதையுமே வெறுக்கத் தொடங்குவார்கள் என்பதும் என் கருத்து.

கேள்வி: வெளிநாட்டு நிதியில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள் குடிமைச் சமூகத்தை வலுப்படுத்துகின்றனவா?

பதில்: தேர்தல் கண்காணிப்பு, சட்ட உதவி போன்ற சில வேலைகள் அந்த நிதி இல்லாமல் நடந்திருக்காது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும், அறிக்கையை நன்கொடையாளருக்கு எழுதும் அமைப்பு மெல்ல மெல்ல அவர் மொழியிலேயே சிந்திக்கத் தொடங்கிவிடும். திட்டக்காலம் முடிந்ததும் அலுவலகமும் மூடப்படும். உறுப்பினர் சந்தா எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், அதைக் கொடுத்தவர் கணக்குக் கேட்பார். உள்ளூரில் கணக்குச் சொல்ல வேண்டிய அமைப்புக்குத்தான் ஆள்வோரிடம் கணக்குக் கேட்கும் துணிவும் வரும். சிறிய நாட்டில் திறமையானவர்கள் குறைவு என்பதால், இத்தகைய அமைப்பின் தலைவரை அமைச்சராக்கிவிட்டு அமைப்பை வாயடைக்கச் செய்வதும் நடக்கிறது. இரண்டாம் வரிசைத் தலைவர்களை வளர்க்காத அமைப்பு அத்துடன் முடிந்தது.

கேள்வி: மதத் தலைவர்கள் நடுவராக இருக்கலாமா?

பதில்: இருக்கலாம், ஆனால் வேலை முடிந்ததும் விலக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் 1990 பிப்ரவரியில் கூடிய தேசிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் கத்தோலிக்கப் பேராயர் இசிதோர் தெ சூசா. அந்த மாநாடு தனக்கே இறையாண்மை உண்டு என்று அறிவித்தது. 1972 முதல் ஆண்டுவந்த அதிபர் மத்தியூ கெரெக்கூ அதற்குப் பணிந்தார். 1991 தேர்தலில் தோற்றுப் பதவி விலகிய அவரே, 1996-இல் வாக்குகளால் வென்று திரும்பியது அந்த மாநாட்டுக்குக் கிடைத்த பெருமை.

கேள்வி: ஐஸ்லாந்தில் தோற்ற குலுக்கல் முறை வேறெங்காவது வென்றிருக்கிறதா?

பதில்: அயர்லாந்தில் வென்றது. 2012 முதல் 2014 வரை நடந்த அரசமைப்பு மாநாட்டில் குலுக்கலில் தேர்ந்த 66 குடிமக்களோடு 33 அரசியல்வாதிகளையும் உட்கார வைத்தார்கள், தலைவர் ஒருவர். உள்ளே அமர்ந்து கேட்ட அந்த அரசியல்வாதிகளே வெளியே வந்து நாடாளுமன்றத்தில் அதற்காக வாதிட்டார்கள். மாநாடு பரிந்துரைத்த ஒருபாலினத் திருமணத்தை 2015 பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் ஏற்றனர். ஒவ்வோர் அறிக்கைக்கும் நான்கு மாதங்களுக்குள் பதில் சொல்வதாக அரசு முன்பே வாக்களித்திருந்தது. இருந்தும் மாநாட்டின் பல பரிந்துரைகள் வாக்கெடுப்பு வரை வரவே இல்லை.