'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படம் பார்த்தாச்சு, நாவலையும் படிக்கணுமா?

கட்டாயம் படியுங்கள். நாவலின் முக்கியமான கடைசிப் பகுதி பீட்டர் ஜாக்சனின் மூன்று பாகப் படத்தில் (2001–2003) கிடையாது. தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழித்துவிட்டு ஹாபிட்டுகள் (கதையின் குட்டை மனிதர்கள்) ஊர் திரும்பினால், அவர்கள் ஊரான ஷையரில் மரங்கள் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன, புது ஆலை புகை கக்குகிறது, அடியாட்கள் அதிகாரம் செய்கிறார்கள். சண்டை போட்டுத்தான் ஊரை மீட்கிறார்கள். படத்திலோ ஊர் பச்சைப்பசேலென்று அப்படியே இருக்கிறது! சோலையும் புல்வெளியும் போய் யூகலிப்டஸும் தேயிலையுமாகிவிட்ட நீலகிரியில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு இந்த வெட்டு உறுத்தத்தான் செய்கிறது.

மனிதர்களின் படைத் தலைவன் ஃபாரமிரையும் மாற்றிவிட்டார்கள். நாவலில் அவர் மோதிரத்துக்கு ஆசைப்படாதவர்; படத்தில் மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட் ஃப்ரோடோவை ஓஸ்கிலியத் நகரம் வரை இழுத்துப் போகிறார். மோரியா சுரங்கக் காட்சிகளில் மட்டும் என் ஓட்டு படத்துக்கே. அப்புறம், டாம் பாம்படில் என்ற கதாபாத்திரம் வரும் அத்தியாயங்கள் (இவரும் படத்தில் இல்லை) கொஞ்சம் இழுக்கும், தாண்டிவிட்டால் வேகம் பிடித்துவிடும்.