அறக்கட்டளை வீடு கட்டித் தருகிறதாம், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் வெள்ளம் வடிந்து நான்கு மாதம் ஆகிறது. பாயும் போர்வையும் கொடுத்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். இப்போது ஓர் அறக்கட்டளை வந்து 40 வீடு கட்டித் தருகிறோம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. இடிந்ததும் விரிசல் விட்டதுமாக இங்கே 110 வீடுகள் இருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கையெழுத்தும் இன்றைக்கே போடாதீர்கள். நான்கு மாதம் கழித்து ஒருவர் தேடி வருகிறார் என்பதே பெரிய விஷயம். பேரிடருக்கு வரும் நன்கொடையில் பெரும்பகுதி டிவியில் தண்ணீர் தெரிகிற வாரங்களிலேயே வந்து, அந்தச் சூட்டிலேயே செலவாகியும் விடும். அதனால் அவர்களுக்கு உட்கார நாற்காலி போட்டுப் பேசுங்கள்.

முதல் கேள்வி வீட்டைப் பற்றி வேண்டாம். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதிக்குள் செலவாக வேண்டும் என்று கேளுங்கள். சில அறக்கட்டளைகளிடம் சொந்த முதல் இருக்கும், அதன் வருமானத்தில் நடப்பவை, அவற்றால் இரண்டு மூன்று வருடம் காத்திருக்க முடியும். இன்னும் சில, இந்த வெள்ளத்தைக் காட்டியே பொதுமக்களிடம் திரட்டியவை. பணம் கொடுத்தவர்களுக்கு ஆண்டு முடிவதற்குள் கணக்கும் போட்டோவும் காட்டியாக வேண்டிய நெருக்கடி அவற்றுக்கு உண்டு. அது தப்பில்லை, ஆனால் அவர்களுடைய அவசரம் உங்கள் வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி முடிந்த சில நாட்களிலேயே, எங்களுக்குத் தேவையான அளவு வந்துவிட்டது, சுனாமிக்கென்று இனி அனுப்பாதீர்கள் என்று அறிவித்தது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மற்ற பலர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு செலவழிக்க வழி தேடினார்கள். இலங்கையிலும் இந்தோனேசியாவின் அச்சேயிலும் பல இடங்களில் மீனவர்களுக்குத் தேவைக்கு மேல் சிறு படகுகள் வந்து சேர்ந்தன, அவற்றில் கடலில் இறக்கவே லாயக்கில்லாதவையும் இருந்தன.

இரண்டாவது, வீட்டை யார் கட்டுவது. காண்ட்ராக்டர் 40 வீட்டையும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுப்பது ஒரு முறை. பணத்தைத் தவணையாகக் கொடுத்து, வீட்டுக்காரரே கொத்தனார் வைத்துக் கட்டுவது இன்னொரு முறை. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தின் கட்ச் பகுதியில் பெரும்பாலான வீடுகள் இரண்டாவது முறையில்தான் எழுந்தன. வீட்டுப் பணம் அரசிடமிருந்து வந்தது, தவணை தவணையாக. அப்படியானால் தொண்டு அமைப்புகளுக்கு என்ன வேலை? அபியான் என்ற கூட்டமைப்பு கிராமத் தொகுதிகளுக்கு நடுவில் ‘சேது’ என்ற பெயரில் தகவல் மையங்களை வைத்தது. யாருக்கு எவ்வளவு வரும், வராவிட்டால் எங்கே கேட்பது என்பதை மக்களுக்குச் சொல்வதும், மக்கள் சொல்வதை அதிகாரிகளிடம் கொண்டுபோவதும் அதன் வேலை. சேது என்றால் பாலம், பெயருக்கு ஏற்ற வேலை. அதே நிலநடுக்கத்துக்குப் பிறகு தொடங்கிய ஹுன்னர்ஷாலா அறக்கட்டளை உள்ளூர் மண்ணிலேயே உறுதியாகக் கட்டும் முறைகளையும் கைவினைஞர்களையும் முன்னால் கொண்டுவந்தது.

நான் எந்தப் பக்கம் என்று இப்போது புரிந்திருக்கும். அறக்கட்டளைப் பணத்தை வைத்து 40 முழு வீடு கட்டுவதைவிட, 110 வீட்டுக்கும் அரசு உதவி போய்ச் சேராத ஓட்டைகளை அடைப்பதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம். நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். முதல் தவணை ஐம்பதாயிரம்தான். அடித்தளத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்தது வரும். கையில் காசில்லாதவர் அந்த முதல் படியிலேயே நின்றுவிடுவார், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவார். அந்த இடைவெளிக்கு வட்டியில்லாத கைமாற்று, ஊரிலேயே ஆறு மாதம் தங்கும் ஒரு பொறியாளர், கொத்தனார்களுக்குப் பயிற்சி, இடத்துக்குப் பத்திரம் இல்லாதவர்களுக்காக அலுவலகம் அலைய ஓர் ஆள்: இவற்றைக் கேளுங்கள். வாடகைக்குக் குடியிருந்தவர்களையும் மறக்காதீர்கள். வீட்டுக்காரருக்குத்தான் பணம் என்கிற திட்டத்தில் அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அதே சமயம், தனியாக இருக்கும் முதியவர், படுக்கையில் கிடக்கும் ஆள் உள்ள குடும்பம், இவர்களால் கொத்தனாரை வைத்து வேலை வாங்க முடியாது. அவர்களுக்கு மட்டும் கட்டியே கொடுக்கச் சொல்லுங்கள்.

இல்லை, 40 வீடு கட்டுவது மட்டும்தான் எங்கள் திட்டம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால் அதையும் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒப்பந்தத்தில் சில வரிகள் சேர வேண்டும். பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பாதியில் பணம் நின்றால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் வேண்டும். முடித்த பிறகு குறைந்தது ஒரு வருடம், ஒரு மழைக்காலமாவது பார்க்கும் வரை, காண்ட்ராக்டருக்குத் தர வேண்டியதில் ஒரு பங்கைப் பிடித்து வைக்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2005 கத்ரீனா புயல் வெள்ளத்தில் அழிந்த ஒரு பகுதியில், நடிகர் பிராட் பிட் தொடங்கிய மேக் இட் ரைட் அறக்கட்டளை பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களை வைத்துப் புதுமையான வடிவில் நூற்றுச் சொச்சம் வீடுகள் கட்டியது. நல்ல மனசு, நல்ல பணம். சில வருடங்களில் ஒழுகல், பூஞ்சை, மரம் உளுத்துப்போவது என்று ஆரம்பித்து, 2018இல் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். மழை கொட்டுகிற ஊரில் சுவரைத் தாண்டி நீளாத கூரை எத்தனை நாள் தாங்கும்? வரைபடத்தைக் காட்டினால் கூரை எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதைப் பாருங்கள், அப்புறம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பாருங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு மறுவாழ்வுக் குடியிருப்பில் வீடுகளை ஓர் அமைப்பு கட்டியது, தெருவை ஆறு மாதம் கழித்து வேறொருவர் போட்டார். தெரு வாசற்படியைவிட ஒரு சாண் உயரம். அடுத்த மழைக்குத் தெருத் தண்ணீர் மொத்தமும் புது வீட்டுக்குள் வந்து நின்றது, ஒரு பாட்டி வாசலில் செங்கல்லை அடுக்கிச் சேற்றை அப்பிக்கொண்டிருந்தார். சாவி கொடுத்த விழாவின் தோரணம் அந்த வாசலிலேயே நனைந்து தொங்கியது. இரண்டு பொறியாளர்களும் ஒரே ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். சுவர்களில் சேறு படிந்த கோடு இன்னும் இருக்கும், வெள்ளையடித்தால் போய்விடும். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கோட்டில் ஆணியால் கீறி வையுங்கள், தெருவிலிருந்து அதன் உயரத்தை டேப் வைத்து அளந்து, வீட்டுக்காரர் பெயரோடு, வாடகைக்காரர் என்றால் அவர் பெயரோடு, ஒரு நோட்டில் எழுதுங்கள். பேஸ்மட்டம் எவ்வளவு உயரம் வேண்டும் என்ற பேச்சு வரும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். பல அறக்கட்டளைகளுக்கு இப்படி ஒரு நோட்டு கிடைப்பதே அபூர்வம், அதைப் பார்த்த பிறகு உங்களிடம் பேசும் தொனியே மாறிவிடும்.

கடைசியாக, 110இல் அந்த 40 வீட்டை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பட்டியல் ஏற்கனவே தயார் என்றால் அதை வாங்கி ஊர்ப் பொது இடத்தில் ஒரு வாரம் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்ற காரணத்தோடு. சண்டை வரும், கண்டிப்பாக வரும். அஸ்திவாரம் தோண்டிய பிறகு வருவதைவிட இப்போது வரட்டும்.