சுமத்ராவில் இத்தனை எரிமலைகள் இருக்க, மலேசியத் தீபகற்பத்தில் ஏன் ஒன்றுகூட இல்லை? அவற்றால் நமக்கு என்ன வந்தது?

பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பினாங்கில் இருபத்தாறு ஆண்டுகள் புவியியல் கற்பித்த எனக்கு, உங்கள் இரண்டாவது கேள்விதான் பழைய வேதனை ஒன்றைக் கிளறியது.

முதலாவதற்கு விடை எளிது. சுமத்ராவின் மேற்குக் கரையோரமாக ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் நீளும் புக்கிட் பாரிசான் தொடருக்கு அப்பால், கடலடி அகழியில், புவியின் மேலோட்டுப் பாளங்களில் ஒன்றான இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு, மற்றொரு பாளமான சுந்தா தட்டின் கீழே சரிந்து இறங்குகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில், இறங்கும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு உண்டாகி மேலேறுகிறது. 3,805 மீட்டர் உயரமுள்ள கெரிஞ்சி எரிமலை அப்படி எழுந்ததே. நாம் அந்த அகழிக்கு மிகத் தொலைவில் இருக்கிறோம். நம் தித்திவாங்சா மலைகளின் கருங்கல்லும் ஒரு காலத்தில் குழம்பாக இருந்ததுதான். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்தில் உறைந்துவிட்டது. குவாந்தானில் எரிமலைப் பாறை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அதை உமிழ்ந்த எரிமலை அணைந்து பல இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

நமக்கு என்ன வந்தது என்றால், சாம்பல் வந்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அதே தொடரில் தோபா எரிமலை வெடித்து, 100 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தை விட்டுச் சென்றது. இன்று அது ஏரி. அந்தச் சாம்பல் இந்தியா வரை பரவியது. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் படிவாகக் கிடக்கிறது. அவ்வூர்ச் சாலையோர மண்வெட்டில் ஒரு முறை அதைக் கைப்பிடியளவு எடுத்துவந்தேன். அங்குள்ள தொல்லியல் களத்தில் கைவைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாவு போன்ற அந்த வெண்சாம்பலை மாணவர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கண்ணாடிச் சில்லுகள் கூர்கூராகத் தெரிந்தன. தோபாவை எங்கோ உள்ள ஏரியாக மட்டும் அறிந்திருந்த பிள்ளைகள் அன்று மணியடித்தும் எழுந்து போகவில்லை.

மறு ஆண்டு மேலதிகாரிகள் பார்வையிட வருவதற்கு முன் அலமாரியைச் சுத்தம் செய்தவர்கள், புட்டியில் மண் இருக்கிறதென்று அதைக் கொட்டிவிட்டார்கள். பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தும் ஒருவரும் படிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வகுப்புகளுக்குக் கரும்பலகையில் வரைந்துதான் காட்ட முடிந்தது. உங்கள் பிள்ளையை லெங்கோங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். பினாங்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.