அம்மாவின் பார்டர் சுகர்: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

அம்மாவுக்கு 52 வயது. போன மாதம் வெறும் வயிற்றில் சர்க்கரை 104 என்று வந்தது. லேப் தாளில் அதைக் கொட்டை எழுத்தில் அடித்து, பக்கத்தில் 'ப்ரீ-டயபடிஸ்' என்று போட்டிருந்தார்கள். ஒரு டாக்டர் பார்டர் என்கிறார், இன்னொருவர் நார்மல் என்கிறார். அம்மாவோ சோறு, இட்லி எல்லாவற்றையும் விட்டுவிட்டு முட்டையும் வெள்ளரிக்காயுமாக ஓட்டுகிறார். இது நோயா, இல்லையா?

வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரிதான். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணக்கில் வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை ப்ரீ-டயபடிஸ், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. உலக சுகாதார நிறுவனமோ 110-லிருந்துதான் அதைத் தொடங்குகிறது. அமெரிக்கர்களும் முன்பு 110 என்றுதான் வைத்திருந்தார்கள், 2003-ல் 100-க்கு இறக்கினார்கள். அதற்கு முந்தைய வருஷம் இதே 104 வந்திருந்தால் யாரும் கொட்டை எழுத்தில் அடித்திருக்க மாட்டார்கள். 126 தொட்டால் சர்க்கரை நோய் என்பதற்காவது, விழித்திரை பாதிப்பு ஏறத்தாழ அந்த அளவிலிருந்துதான் கூடுகிறது என்ற ஆதாரம் உண்டு. அதற்குக் கீழே இருப்பது, யாருக்குப் பின்னால் நோய் வரக்கூடும் என்று பார்த்து நிபுணர்கள் கூடிப் பேசி வைத்த எல்லை. இந்த 104-ஐ வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு இப்போது நோய் இல்லை.

அதற்காக அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு பார்டர் சீக்கிரமே தாண்டிவிடுகிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையிலிருந்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் பார்டரில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். பொதுவான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு 3 வருஷத்தில் நோய் வந்துவிட்டது, நடையும் சாப்பாட்டு மாற்றமுமாக இருந்தவர்களிடம் அது 39 சதவீதம். மருந்தில்லாமல் இவ்வளவு குறைகிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிகிறது.

ஆகவே டாக்டரிடம் கேட்டு அந்த 75 கிராம் குளுக்கோஸ் சோதனையைச் செய்துவிடுங்கள். 140-க்குக் கீழே வந்தால் நிம்மதி, 140 முதல் 199 என்றால் உடனே நடக்கத் தொடங்க வேண்டும். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அம்மாவுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள், இரும்புச்சத்துக் குறைவில் அது கூடுதலாகக் காட்டக்கூடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. குளுக்கோஸ் சோதனைக்கு முன்னால் மூன்று நாளாவது அம்மா வழக்கம்போல சோறும் இட்லியும் சாப்பிட வேண்டும். இப்போது இருப்பது போல மாவுச்சத்தை அடியோடு விட்டுவிட்டுப் போனால் இல்லாத சர்க்கரையை அது இருப்பதாகக் காட்டிவிடலாம்.