அம்மாவுக்கு எப்போது ரத்தம் எடுக்கப் போகிறாய்?

கேள்வி: தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் என் அப்பாவுக்கு வயது 54, ரத்தத்தில் கிரியாட்டினின் 2.4, சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது என்கிறார்கள். சர்க்கரையோ பிரஷரோ கிடையாது. ஊர் வைத்தியர் மூக்கிரட்டை, நெருஞ்சில் சேர்த்த கஷாயமும் ஒரு பற்பமும் (உலோகத்தையோ தாதுவையோ புடமிட்டுச் செய்யும் பொடி) தருகிறார். கொடுக்கலாமா? அம்மாவும் அதே அளத்துக்குத்தான் போகிறார். கழிப்பறை இல்லாததால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை, ஆனாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன்.

பதில்: நாலு பக்கக் கடிதத்தில் அம்மாவுக்கு இரண்டே வரி, அதிலும் ‘ஒன்றும் இல்லை’. யார் பார்த்துச் சொன்னது? சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டாலும் வெளியே காட்டிக்கொள்ளாது, மகளே. இந்த மாதிரிக் கடிதங்கள் கோடை தவறாமல் வருகின்றன, எல்லாமே அப்பாவையும் அண்ணனையும் பற்றித்தான். பாத்தியில் வாரிய உப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் அம்பாரத்தில் கொட்டுவது அநேகமாகப் பெண்கள், அதுவும் விடியலில் போய் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு.

மத்திய அமெரிக்காவில், நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டுகிற ஆட்களுக்கு, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லாமலே சிறுநீரகம் போனது. வெயிலில் உடம்பு வற்றி வற்றி உழைப்பதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். உன் அப்பா கதையும் அதுவாக இருக்கலாம்.

சரி, கஷாயம். மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் நீரைப் பிரிப்பவை, வற்றிப்போய் வீடு திரும்புகிற உடம்பிலிருந்து வைத்தியர் இன்னும் எதைப் பிரிக்கப் போகிறார்? பற்பத்தைத் தொடவே வேண்டாம், அதில் ஈயமோ பாதரசமோ இருந்தால் நேராகச் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். ஆயுர்வேதத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் மூல நூலான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் என்ற பகுதியின் 7-ஆம் அத்தியாயம் சிறுநீரை அடக்காதே என்றுதான் தொடங்குகிறது, நோயின் காரணத்தை விலக்குவதுதான் முதல் வைத்தியம் என்பதும் அந்த மரபுதான். வேலையிடத்தில் நிழல் உண்டா, தண்ணீர் உண்டா என்று உங்கள் வைத்தியர் ஒரு வார்த்தை கேட்டாரா?

அப்பாவைச் சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப் போ, கஷாயத்தையும் பற்பத்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு. உடம்புவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரை இருந்தால் அதையும் மறைக்காதே. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை அவர் சொல்லட்டும். அதே நாளில் அம்மாவுக்கும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டும் பார்க்க வேண்டும். அப்புறம் அளத்து முதலாளியிடம் கழிப்பறை கேட்கிற வேலை உன்னுடையது. கூலிக்குப் போகிறவர் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது, சென்னையில் சம்பளம் வாங்குகிற நீ கேட்கலாம், அவர் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறைக்கு எழுது. பெற்றவளுக்கு இதைக்கூடச் செய்யாமல் மாசாமாசம் பணம் அனுப்பி என்ன?

ரிப்போர்ட் வந்ததும் எழுது, இரண்டு பேருடையதும்.